வாழைக்குப் போட்ட வீட்டுப் பசளை

வீட்டுக் கக்கூசை வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டிய மனுசன், அன்புவழிபுரத்தில் என் அப்பா ஒருவராகத்தான் இருக்கவேண்டும். யூரியாப் பசளையில் குண்டு செய்யலாமென்று, சென்றியில் மறித்துச் சோதிக்கிற ஆமிக்காரர்கள் ஒரு மூட்டையையும் விடாத காலம் அது. "யூரியாவைத்தானே மறிப்பாங்கள், இதை மறிக்க ஏலாதே!" என்று சிரித்துக்கொண்டே கக்கூசுக்குக் கீழே வாளி ஒன்றை வைத்துவிட்டார்.

போய் எழும்பினால் ஒரு சிரட்டை சாம்பலும் மரத்தூளும் போடவேண்டும். வாளி நிறைந்ததும் ஆட்டுப்புழுக்கையும் சருகும் கலந்து வேலியோரம் குவித்து, தகரத்தால் மூடுவார். இடைக்கிடை இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி இழுத்து, சூடு பார்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். சூடு ஏறினால்தான் கிருமி சாகுமாம். பிறகும் ஒரு வருசம் தொடக்கூடாது. கீரைக்குப் போடவே கூடாது, மரத்தடியில் போட்டு மண்ணால் மூடவேண்டும். கம்பி சுடுகிற நாள் எனக்கும் தம்பிக்கும் திருவிழாதான்.

அம்மா அந்தக் குவியல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீடு தம்பலகாமத்தில். சண்டையால் பாதை பூட்டிய பிறகு அந்த வீட்டை அவர் கண்டதேயில்லை. அதற்கு முன் அங்கிருந்து கொண்டுவந்த கதலி வாழைக்குட்டிக்குத்தான் அப்பா பசளையைப் போட்டார். வாழை கொழுத்துக் குலை தள்ளியது.

"உமக்கெண்டுதான் வளர்த்தனான். ஒரு பழம் சாப்பிட்டுப் பாருமன்" என்று அப்பா கெஞ்சினார்.

"விசரே உங்களுக்கு? செத்தாலும் வாயில வைக்கமாட்டன்!"

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையார் கோயில் திருவிழா வந்தது. பாதை பூட்டு, கடையில் பழமில்லை. ஐயரே வீட்டுக்கு வந்து குலையைக் கேட்டார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, அது வந்து..."

"என்ன பசளை போட்டனீங்கள்? இப்படி விளைஞ்சிருக்கு!"

"எல்லாம் வீட்டுப் பசளைதான், ஐயா" என்றார் அப்பா, பவ்வியமாக. நானும் தம்பியும் குசினிக்குள் ஓடி உருண்டு சிரித்தோம்.

பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. பூசை முடிய ஐயர் முதல் பழத்தை அம்மாவின் கையில்தான் வைத்தார். பிரசாதத்தை வேண்டாமென்று சொல்லலாமா? அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தார். பொலபொலவென்று கண்ணீர் வடிந்தது.

"ஐயோ, அம்மாவுக்குக் குமட்டுது!" என்று நான் கைகொட்டினேன். எனக்கு அப்படியொரு சந்தோசம்.

அப்பா சிரிக்கவில்லை. அம்மா மற்றப் பழத்துக்கும் கையை நீட்டினார்.

"அதே ருசியப்பா" என்றார் அவரிடம்.

ஒருநாளும் வாயில் வைக்காத பழம், எப்படி அதே ருசியாகும்? வீடு வரும்வரை தம்பியும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.