இரண்டு மில்லிமீட்டர் முன்னால்

கேகாலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பொய்ப்பல் செய்யும் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பற்களை எங்கே நிறுத்துவது, உதடு எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதையெல்லாம் பாடப்புத்தக அளவுப்படியே செய்வேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள், றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, மெழுகில் பதித்த பற்களைப் போட்டுப் பார்க்க மகளுடன் வந்தார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பல்லு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது என் மொகம் இல்லைங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அளவு சரிதான் என்று எங்கள் பல் டாக்டரிடம் வாதாடினேன். அவர் யாழ்ப்பாணத்துப் பெண். அந்த அம்மாவைப் பக்கவாட்டில் உட்காரவைத்துப் பார்த்தார். மேலுதடு உள்ளே விழுந்திருந்தது.

"நீர் வச்சது பிழையில்லை. ஆனா அது வெள்ளைக்காரரின்ர முகத்தில எடுத்த அளவு" என்றார். நம் பக்கத்து ஆட்களில் பலருக்கு முன்பற்கள் சற்று முன்னால் சாய்ந்து உதட்டை நிரப்பி நிற்கும் என்று விளக்கினார்.

மகளைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் உதடு எப்படி இருந்திருக்கும் என்பது சட்டென்று புரிந்தது. மெழுகைச் சூடாக்கி, ஆறு முன்பற்களையும் இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். மறுபடி வாயில் வைத்ததும் உதடு எழுந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் காத்திருந்த சிங்களப் பெண்ணிடம் "ஹொந்தத?", நல்லாயிருக்கா, என்று சிங்களத்தில் கேட்டார். அவரும் சிரித்துத் தலையாட்டினார்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் வாய், கூட வேலை செய்யும் சிங்களத் தோழியின் வாய், டாக்டரின் வாய் மூன்றையும் அச்செடுத்து பிளாஸ்டரில் வார்த்தேன். தமிழர், சிங்களவர் என்று இனத்துக்கு இனம் வேறுபாடு பளிச்சென்று தெரியும் என்று நம்பினேன். என்னுடையதும் தோழியுடையதும் ஒரே சாய்வில் நின்றன. என்னைப் போலத் தமிழரான டாக்டரின் பற்களோ புத்தகத்துப் படம் போல நேராக இருந்தன.

"அப்ப நான் ஆர்?" என்று டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியவர்களின் முகங்களையெல்லாம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு பெண், "என்னங்க, என்னையத் தெரியுமா?" என்று கேட்டேவிட்டார்.