நோ என்றால் நோ

போன சனிக்கிழமை சரக்குக்கறி காய்ச்சினேன். பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆற மிளகும் உள்ளியும் மஞ்சளும் தூக்கலாகப் போட்டு வைப்போமே... அதுதான். பாதி நகரத்தின் கிழக்குக் கோடியில், ரூஜில் இருக்கும் என் பெறாமகள், தங்கையின் மகள் சுகந்திக்கு. மீதி மேற்குக் கோடியில், ரெக்ஸ்டேலில் இருக்கும் மார்சியாவுக்கு.

மார்சியா யாரா? ஜமேக்காக்காரி. அவளும் பிள்ளை பெற்றுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சுகந்திக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்.

சுகந்திக்கு சிசேரியன். மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்திருக்கிறாள். நேர்ஸ் வந்து, பெயின் இருக்கிறதா என்று கேட்க, இவள் "நோ... நோ..." என்று முனகினாளாம். வலியை நாங்கள் நோ என்றுதானே சொல்வோம்? இவள் இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை. ஆனால், உயிர் போகிற நேரத்தில் வாயில் வேறென்ன வரும்?

நேர்ஸ் "குட்" என்றுவிட்டுப் போய்விட்டார். முகம் வியர்த்து வழிகிறது — காது கேட்டதைக் கண் ஒருதரம் சரிபார்க்கக்கூடாதா? திரும்பி வந்தபோதும் அதே கேள்வி, அதே நோ. 'உங்கள் பெண்கள் நல்ல பொறுமைசாலிகள்' என்று பாராட்டு வேறு! கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மார்சியா திரையை இழுத்திருக்கிறாள். அவளுக்கும் வயிற்றில் தையல். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இங்கிலீஷில் அதட்டினாளாம்.

"அந்த முகம் இல்லையெண்டா சொல்லுது? டொக்டரைக் கூப்பிடுங்கோ. அவர் வருமட்டும் நான் இப்பிடியே நிப்பன்."

டொக்டர் வந்து பார்த்தால், காயத்துக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் பிந்தியிருந்தால்...

ஏன் எனக்காக நின்றாய் என்று பிறகு சுகந்தி கேட்டாளாம். மார்சியாவின் முதல் பிரசவத்திலும் இதே கதைதானாம்.

"எங்களைப் பார்த்தா பலசாலியாம், உங்களைப் பார்த்தா பொறுமைசாலியாம். மருந்து மட்டும் ரெண்டு பேருக்கும் இல்லை."

தையல் போட்ட வயிற்றோடு, முன்பின் தெரியாத ஒருத்திக்காக எழுந்து நிற்க எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்! கையெடுத்துக் கும்பிடலாம். நான் கறியோடு நிறுத்திக்கொண்டேன்.

சுகந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மார்சியாதான். சுகந்தியிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லால் சுகம் விசாரித்தாள்.

"நோ?"

"நோ!" என்று சிரித்தாள் சுகந்தி.

கேள்வி தமிழில். பதில் இங்கிலீஷில்.