உங்கள் தட்டில் மிஞ்சியது

பிள்ளைகளே, உங்கள் அம்மா குண்டானது எப்படி என்று எழுதுகிறேன். அன்று அவளைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். சிரிக்க வைத்தவன் நான்.

அவள் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. காலையில் ஆளுக்கு அரை இட்லியை மிச்சம் வைத்துவிட்டு நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவீர்கள். கொட்ட மனசு வராமல் அடுப்படியில் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொள்வாள். பிய்ந்துபோன முதல் தோசையும் அவளுக்குத்தான். பிறகு என் தையல்கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டுவாள். தைத்த துணி வாங்க ஆள் வந்தால் நான் டீ சொல்வேன். நாலு பேர் வந்தால் அவளுக்கும் நாலு டீ, சீனி தூக்கலாக, கூட ஒரு வடை. ராத்திரி சட்டியில் ஒட்டிய சோறும் குழம்பும் வேறு. "நான் என்னத்தத் திங்கேன்?" என்று கேட்பாள். பொய்யில்லை, தின்றதாகவே அவளுக்குத் தெரியாது. என் வயிறும் அதே டீயிலும் வடையிலும் வளர்ந்ததுதான். வேட்டிக்குத் தையல் கிடையாது. அதனால் யாரும் கேட்கவில்லை.

அவள் தம்பிக்குக் கல்லிடைக்குறிச்சியில் கல்யாணம். தாலி கட்டுகையில் மூன்றாம் முடிச்சு போடுவது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். அவனுக்கு இவள் ஒருத்திதான் அக்காள். அன்றைக்கென்று எடுத்துவைத்த பட்டுச்சேலையின் ஜாக்கெட் பத்தவில்லை. கடையில் அவள் சித்தியும் நீங்களும் இருக்கும்போது, கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லி என்னிடம் பைய கேட்டாள். நான் டேப்பை அவள்மேல் சுற்றி, அளவைச் சத்தமாகச் சொன்னேன்.

"ஏட்டி, ஒனக்கு இந்த டேப்பு காணாது. நெல்லையப்பர் தேர் வடத்தக் கொண்டாந்துதான் அளக்கணும். பிரிச்செல்லாம் தர மாட்டேன். வாயக் கட்டு, தன்னால ஏறும்."

சித்தி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நீங்களும்தான்.

எட்டு நாள் ஒரு நேரக் கஞ்சியோடு கிடந்தாள். ஜாக்கெட் ஏறவில்லை. கல்யாணத்தன்று காலையில், "எனக்குத் தல வலிக்கு. நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

மண்டபத்து வாசலிலேயே சித்தி பிடித்துக்கொண்டாள். "என்ன மருமவனே, தேரு நெலைய விட்டு நகரலையோ?"

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மாப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முடிச்சைச் சித்தி மகள் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செல்லில் எடுத்த வீடியோவை அம்மாவிடம் காட்டினீர்கள். முடிச்சுப் போடும் இடம்வரை பார்த்தாள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அந்த ஜாக்கெட்டை எடுத்தேன். இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலத் துணி மடிந்து கிடந்தது. தைக்கும்போது நானே விட்டதுதான், எல்லாருக்கும் விடுவதுதான். பிளேடால் தையலைப் பிரித்து, வெளியே தள்ளி மறுபடி ஓட்டினேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இஸ்திரி போட்டு, பீரோவில் அந்தச் சேலைக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.