இருவரும் திரும்பிப் பார்த்த பக்கம்

தலைப் பிரசவத்துக்குத் திருப்பாதிரிப்புலியூரில் என் அம்மா வீட்டுக்குப் போனவள், மகளுக்கு ஐந்து மாதமானதும் சிதம்பரத்து வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் கணவர் வளர்த்தது. நாங்கள் வந்த அன்றே அது குழந்தையின் பாயை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அப்புறம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் வயிற்றில் சாய்ந்துதான் அவள் உட்காரப் பழகினாள். ஒரு கை எப்போதும் அதன் கழுத்து ரோமத்தைப் பிடித்திருக்கும். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சமையலறையில் நிம்மதியாக நாலு பாத்திரம் கழுவ முடிந்தது.

கரண்ட் போகும் மத்தியானங்களில்தான் பயம் பிடித்தது. ஃபேன் நின்றதும் வீடு அப்படியே அடங்கிப் போகும். அந்த நேரம் நாய் சட்டென்று தலையைத் தூக்கிப் பின்கதவைப் பார்க்கும். கூடவே குழந்தையும் பார்க்கும். கதவுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கும் ஒரு பாழடைந்த வீட்டைத் தவிர எதுவும் கிடையாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஒரு சத்தமும் வராது. பிறகு நாயின் தலை மெல்ல நகரும். கதவிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து ஜன்னலுக்கு, வெளியே யாரோ நடந்துபோவது போல. குழந்தையின் தலையும் அதே வேகத்தில் நகரும். ஜன்னலுக்கு வந்ததும் அவள் சிரிப்பாள்.

ஒருநாள் வீட்டுக்காரம்மாவும் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியுதே, இது நல்லதுக்கில்லம்மா" என்றார் மெதுவாக. மறுநாளே குழந்தையின் இடுப்பில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஏறியது. பார்வை மட்டும் நிற்கவில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"அது என்னா பண்ணுச்சு? சும்மா பாக்கத்தான செய்யுது."

"அது பாக்குறதாலதான் இவளும் பாக்குறா. எங்கனா கொண்டுபோயி வுட்டுட்டு வாங்க. இல்லன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

குமராட்சியில் அவருடைய மாமாவுக்கு வயலும் மோட்டார் கொட்டகையும் உண்டு. நாயை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது என்று நானும் இருந்தேன்.

குழந்தை பின்கதவைப் பார்ப்பது அன்றோடு நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நாலாவது நாள்தான் உறைத்தது, அவள் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. கணவர் வண்டி வந்து நின்றாலும், கதவு தட்டினாலும், முன்னால் கிடக்கும் மரப்பாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் பரணிலிருந்து அண்டா மூடி நழுவி, அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்து சுழன்றது. நான் பதறிக் கத்திவிட்டேன். அவள் தலை அசையவில்லை. பின்னால் போய் நின்று கை தட்டினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். மரப்பாச்சியின் காலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்சேரியில் பரிசோதித்த டாக்டர், "பொறவியிலேயே கேக்கலம்மா. எட்டு மாசமா வீட்ல யாரும் கவனிக்கலியா?" என்று கேட்டார்.

இங்கே வந்ததிலிருந்து கூப்பிட்டால் திரும்புவாளே. சமையலறையிலிருந்து நான் குரல் கொடுத்தால் நாய் தலையைத் தூக்கியிருக்கிறது. கழுத்தில் இருந்த அவள் கைக்கு அது தெரிந்திருக்கிறது. நாய் பார்த்த பக்கம் அவளும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அதைத்தான் நான், அம்மா குரல் தெரிகிறது பார் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறேன். என் மகள் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. பின்கதவுக்கு அப்பால் அந்த நாய் எதைக் கேட்டது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குமராட்சிக்குப் போனோம். நாய் இளைத்திருந்தது. கணவர் மேல் ஏறிக் குதித்தது, குழந்தையின் பாதங்களை நக்கியது. என் பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி பாயருகே படுத்தது. அவள் அதன் மேல் சாய்ந்து ரோமத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய், வழக்கமாகக் கூப்பிடுவது போலவே அவளைக் கூப்பிட்டேன். நாயின் காது லேசாக விடைத்தது. கேட்டிருக்கிறது. ஆனால் முன்னங்கால்களில் வைத்த தலையை அது தூக்கவில்லை.

அதனால் அவளும் திரும்பவில்லை.