ரஷ்ய எழுத்தின் தலைக்குச்சி

கோவில்பட்டியில் பெயர் விட்டுப்போன சண்டை என்றால் முதலில் வந்து நிற்கும் இடம் செல்வலட்சுமியின் டிடிபி கடைதான். கோயில் கொடைத் திருவிழா நோட்டீசில் ஒரு இனிஷியல் மாறினால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடும்பமே வந்துவிடும். தீப்பெட்டி லேபிள், கடலை மிட்டாய் கவர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இருபத்திரண்டு வருடமாக ஊரார் பெயர்களைத் தட்டித் தட்டி அவள் விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம். அத்தனை காகிதத்தில் ஒன்றில்கூட அவள் பெயர் வந்ததில்லை. கீழே அச்சக உரிமையாளர் பெயர் இருக்கும். அது அவளுக்கு ஆற்றாமைதான், வெளியே சொன்னதில்லை.

அதனால்தான் சண்முகராஜ் வந்தபோது வாய்விட்டே கேட்டுவிட்டாள். அவன் ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்துத் திரும்பிய பையன். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறான். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தான். இடப்பக்கம் ரஷ்யச் சொல், வலப்பக்கம் தமிழ்.

“வடிவமைப்புன்னு போட்டு எம்பேரைப் போடுவீங்களா தம்பி?”

“தாராளமாப் போடுதேன்க்கா. ஆனா இந்தக் குச்சி ஒண்ணுகூட இடம் மாறக் கூடாது. மாறுச்சுன்னா பேரு கிடையாது, சொல்லிட்டேன்.”

குச்சி என்று அவன் காட்டியது, ரஷ்ய எழுத்தின் தலையில் நிற்கும் சின்னச் சாய்கோடு. சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்கான அடையாளம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் புத்தகங்களில் அதைப் போடுவதில்லையாம், புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும்தான். இது என்ன பெரிய வித்தை என்று செல்வலட்சுமி அலட்சியமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

வித்தைதான். குச்சியோடு சேர்ந்த எழுத்தென்று தயாராக ஒன்றும் கிடையாது. எழுத்து தனி, குச்சி தனி. இரண்டையும் பொருத்தி வைக்க எழுத்துருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவள் கணினியில் இருந்த பழைய மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்துருவில் குச்சி பக்கத்து எழுத்தின் தோளில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றில் சாதாரண எழுத்தில் ஒழுங்காக நின்று, தடித்த எழுத்தில் சரிந்தது. மூன்றாவதில் குச்சிக்குப் பதில் வெறும் கட்டம். நாலாவதில் திரையில் அழகாக நின்றது, பிடிஎஃப் ஆக்கியதும் காணாமல் போனது.

செல்வலட்சுமிக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி இப்படித்தான் ஊர் சுற்றும். அதையே கட்டி மேய்த்தவள் அவள். படம் வரையும் கோரல் டிராவைத் திறந்தாள். ஒரு குச்சியைத் தானே வரைந்தாள், நகலெடுத்தாள், ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். பன்னிரண்டு நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் குச்சி. பிறகு எல்லாவற்றையும் ‘கர்வ்’ ஆக மாற்றினாள், அதாவது எழுத்து எழுத்தாக இல்லாமல் வெறும் படமாகிவிடும், யார் கணினியில் திறந்தாலும் இம்மி அசையாது. சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, நெட்டி முறித்து, ஒரு காபி குடித்தாள்.

மறுநாள் மதியம் போன் வந்தது. அந்த அச்சகத்தில் பிளேட், அதாவது அச்சுத்தகடு, பார்க்கும் தங்கச்சாமி. அச்சுக்கு ஏறும் முன் பிளேட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுத்துக்கு மேலே கீழே ஒட்டிய தூசிப் புள்ளிகளை அழிப்புப் பேனாவால் துடைப்பது அவருடைய முப்பது வருட வேலை. அவர் பார்த்த காலண்டரில் சாமி முகத்தில் ஒரு புள்ளி இருந்ததில்லை என்பது அவருடைய கர்வம்.

“என்ன தாயி, ஃபைலா அனுப்பியிருக்க? ஒரே தூசி! காலையில இருந்து எட்டுப் பக்கத்துக்கு முந்நூறு புள்ளி அழிச்சிருக்கேன், கை மரத்துப்போச்சு. மிச்சத்தையும் அழிச்சிட்டு மிசின்ல ஏத்துதேன்.”

செல்வலட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அண்ணாச்சி, தொடாதீங்க! நான் வாரேன்!” என்று கத்திவிட்டுக் கடையைப் பூட்டிப் பஸ் ஏறினாள். சாத்தூர் வரை நின்றுகொண்டே போனாள். போட்ட உழைப்பும் போய், பேரும் போய்விடுமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அங்கே போய் லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தாள். “நல்லாப் பாருங்க அண்ணாச்சி. தூசி இப்படி எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு, எழுத்துக்கு நடுமண்டையில நிக்குமா?”

தங்கச்சாமி நெடுநேரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “தலையில தூசியோட பிறந்த எழுத்த இப்பதான் தாயி பாக்குதேன்” என்று முனகிவிட்டு, அந்த எட்டுப் பக்கத்துக்கும் வேறு பிளேட் போடச் சொன்னார்.

ரஷ்யா போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை, விமானம் பிடிக்க ரயில். சனிக்கிழமை காலை புத்தகக்கட்டு கடைக்கு வந்தது. சண்முகராஜ் ஒரு பிரதியை எடுத்து, ஸ்கேலை வரிக்கு வரி வைத்துப் பார்த்தான். செல்வலட்சுமி எதிரே முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். நாற்பத்தெட்டுப் பக்கமும் முடிந்தது. ஒரு குச்சியும் நகரவில்லை. அவன் சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக்குத் திரும்பினான். திரும்பியவன் புருவத்தைச் சுருக்கினான்.

வடிவமைப்பு: செல்வலட்சுமி, கோவில்பட்டி. அதில் அவள் பெயரின் ‘வ’ எழுத்துத் தலையில் ஒரு சின்னப் புள்ளி, ரஷ்யக் குச்சி போலவே லேசாகச் சாய்ந்து நின்றது.

அவள் போனைப் போட்டாள். “அண்ணாச்சி, எம்பேருக்கு மேல தூசி இருக்கே?”

“பாத்தேன் தாயி. இதையும் தொட்டா நீ பஸ் ஏறி வந்துருவியேன்னு விட்டுட்டேன்.”

சண்முகராஜ் மேசையிலிருந்த காகிதம் வெட்டும் பிளேடை எடுத்தான். “பரவாயில்லக்கா, எண்பது பிரதிதான. நானே சுரண்டி எடுத்துருதேன்.”

செல்வலட்சுமி புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“எம்பேருல கை வைக்காதீங்க தம்பி. அப்படியே போகட்டும்.”