குடிபூரலுக்குக் கொண்டுபோன காகட்டூ

தொண்ணூறுகளின் நடுவில் அஜின்கோர்ட்டில் அப்பார்ட்மெண்டில் இருந்தபோது, பெரிய கிளி ஒன்று வளர்க்க ஆசைப்பட்டோம். ஆபிரிக்கச் சாம்பல் கிளியா, கொண்டை வைத்த வெள்ளைக் காகட்டூவா என்பதுதான் குழப்பம். கணவரின் நண்பர் சிவம் அண்ணை தன்னுடைய காகட்டூவைச் சும்மாவே தருவதாகச் சொன்னார்.

"சாம்பல் கிளி வீட்டுக் கதையெல்லாம் வெளியில சொல்லிப்போடும், தங்கச்சி. இது சத்தமே போடாது."

நான் போய்ப் பார்த்தது மத்தியானம், அது தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ விடியும்போதும் பொழுது சாயும்போதும் கட்டடமே அதிரக் கத்தியது. அயலவர் முறைப்பாடு செய்ய, வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்று கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரின்டென்ட் எச்சரித்தார். சிவம் அண்ணையும் இதே முறைப்பாட்டுக்குப் பயந்துதான் அதை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். திருப்பி எடுக்கச் சொன்னேன். "தந்தது தந்ததுதான்" என்று சிரித்தார்.

பொறுத்திருந்தேன். அடுத்த மாதமே அவர் யூனியன்வில்லில் வீடு வாங்கி, புதுமனை புகும் குடிபூரலுக்கு அழைத்தார். கூட்டைப் பட்டுத்துணியால் மூடிக் கொண்டுபோய், ஐயரும் சனமும் பார்த்திருக்க அவர் கையில் கொடுத்தேன்.

"குடிபூரலுக்கு வந்ததை வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது அண்ணை."

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

இப்போது எந்தக் கிளியையும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்க்காமல் எடுப்பதில்லை. சிவம் அண்ணைக்குப் போன் எடுப்பதும் அந்த நேரத்தில்தான். பின்னால் அது கத்தும்.

"கேக்கேல்லை அண்ணை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ" என்பேன்.