கீழே வைத்த சுருட்டு

என் நைனா இறந்துபோன பிறகு வந்த ஒரு வருஷத்தில் நான் நாற்பது சுருட்டுக்குக் குறையாமல் குடித்திருப்பேன். அதற்கு முன் ஒன்றுகூடக் குடித்தவள் இல்லை. திருப்பதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இருமிக்கொண்டு வருகிற ஆண்களிடம் பீடி உண்டா என்று கேட்பேன். உண்டு என்றால் மருந்தோடு நாலு திட்டும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.

நைனா சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கினவர். கறி மீன் இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டார், கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார், ஆனால் சுருட்டு விஷயத்தில் மட்டும் மகாராஜா. மண்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் கையால் சுற்றிய சுருட்டை நூல் போட்டுக் கட்டி விற்பார்கள். அங்கே நின்று அவர் ஒரு கட்டு வாங்குவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிடும். கட்டிலிருந்து ஒன்றை உருவிக் காதருகே வைத்து இரண்டு விரலால் உருட்டுவார். சரசரவென்று கேட்டால் காய்ந்துபோனது. சத்தமே வராவிட்டால் ஈரம். அப்புறம் பற்ற வைக்காமலே வாயில் வைத்து இழுத்து, காற்று தடையில்லாமல் வருகிறதா என்று பார்ப்பார். தீக்குச்சி கிழித்த பிறகு முதல் இழுப்பை ருசி பார்க்காமல் ஊதிவிடுவார், அதில் தீக்குச்சி மருந்தின் வாசனைதான் இருக்குமாம். இரண்டாவது இழுப்புக்குத்தான் கண்ணை மூடுவார். நாக்கு நுனியில் சுள்ளென்றால் அந்தக் கட்டு வேண்டாம். சாம்பல் கறுப்பாக இருந்தாலும் வேண்டாம். வெள்ளைச் சாம்பல் ஒரு விரற்கடை நீளத்துக்கு விழாமல் நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சொன்னார், இல்லாவிட்டால் தனக்குத்தானே முணுமுணுத்தார். நான் பக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். காதைப் பொத்தவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் எங்கே பார்த்தாலும் பாதி எரிந்த சுருட்டு கிடக்கும். ஜன்னல் கட்டையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒன்று. சாப்பிடக் கூப்பிட்டால் குடித்துக்கொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வருவார். கை கழுவிவிட்டுப் போவதற்குள் அது அணைந்திருக்கும். மறுபடி தீக்குச்சி. அம்மா இருந்தவரை அம்மா திட்டினாள், பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். “ஒரு சுருட்டுக்கு ஒரு தீப்பெட்டியா நைனா?” என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே குச்சி கிழிப்பார். ஜன்னல் கட்டையில் அணைந்து கிடந்த சுருட்டை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் மறந்துபோனேன்.

நுரையீரல் கெட்ட பிறகு அவரைச் சித்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அலிபிரிக்குப் போகிற வழியில் முதல் மாடியில் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுக்கத் தெரியும். அந்த மலைக்கு நைனா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போனார். அடிவாரத்தில், அலிபிரி சோதனைச் சாவடியில் பையைச் சோதித்து, மலைக்குப் புகையிலை ஆகாதென்று சுருட்டுக் கட்டை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் எப்போது கூப்பிட்டாலும், “அந்த சாமிக்கு நான் வோணுமாம், என் சுருட்டு வோணாமாம், நான் வரல” என்பார். வந்த அன்றைக்கே அவருடைய துணிப்பையிலிருந்த புதுக்கட்டை நானும் எடுத்துக்கொண்டேன். அலிபிரிக்காரர்களுக்கு நான் எதிலும் குறைந்தவள் இல்லை. பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஏழு மாதம் இருந்தார். கடைசி மாதத்தில் ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் மூச்சு விட முடியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். நான் களி கிண்டினேன், நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். இரண்டு விரல் அளவு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். ஆசைப்பட்டதைக் கொடுக்கச் சொன்னால் நான் சமைக்கத்தான் போனேன், வேறெதுவும் என் புத்திக்கு எட்டவில்லை. எட்டினாலும் எட்டாத மாதிரி இருந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கேட்டார். பேசுவதற்கு இடையில் நாலு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“அம்மே, இந்த மிஷின ஆஃப் பண்ணிட்டு என்ன மாடிக்கு இட்டுக்கினு போ. ஒண்ணே ஒண்ணு குடிக்கிறேன். இழுக்க எனக்குத் தம்மு இல்ல. நீ பக்கத்துல குந்திக்கினு, அணையாம ரெண்டு இழுப்பு இழுத்து இழுத்துக் குடு. போதும்.”

“நான் சுருட்டு குடிக்கணுமா? என்ன பேச்சு நைனா இது? அந்தக் கட்ட அப்பவே குப்பைல போட்டுட்டேன்” என்றேன்.

பொய். கட்டு பீரோவில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது.

“நல்ல கட்டும்மா அது” என்றார். அப்புறம் கேட்கவில்லை. புதன்கிழமை காலை இறந்துபோனார்.

சித்தூரில் தம்பி வீட்டில் பதினாறாம் நாள் படையல். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம். சுருட்டுக் குடிக்கிறவராக இருந்தால் அதையும் பற்ற வைத்து விளக்குக்கு முன்னால் ஒரு தட்டில் வைப்போம். அது தானாகக் கடைசி வரை எரிந்தால் அவர் குடித்துவிட்டார், மனசு குளிர்ந்தது. பாதியில் அணைந்தால் ஏதோ குறை. எல்லாப் பண்டமும் வைத்த பிறகு நான் பைக்குள்ளிருந்து அந்தக் கட்டை எடுத்தேன். நைனா தேர்ந்தெடுத்த கட்டு, அவர் கைப்பட்ட நூல். தம்பி ஒன்றை உருவி, பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து இருமிவிட்டுத் தட்டில் வைத்தான். எல்லோரும் கும்பிட்டோம். நான் கண்ணைத் திறந்தபோது அது அணைந்திருந்தது. மறுபடி பற்ற வைத்தான், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே.

“நைனாவுக்குக் கோவம் தீரலக்கா” என்றான் தம்பி. அவன் என்னைக் குத்திச் சொல்லவில்லை, நான் சொன்ன பொய் அவனுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எனக்கு அந்தப் பொய்தான் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள், நான் குழாயடிக்குப் போய் நின்று அழுதேன். மறுநாள் திருப்பதியில் குப்பை வண்டி வந்தபோது மிச்சமிருந்த கட்டை அப்படியே அதில் வீசினேன். நைனாவிடம் சொன்ன பொய்யை அவர் போன பிறகு உண்மையாக்கிவிட்டேன்.

வருஷப் படையலுக்குள் அணையாத ஒரு சுருட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். நைனாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு லீவு. மத்தியானம் என் வீட்டுக்காரர் டிவி பார்க்க உட்கார்ந்ததும், ஒரு தட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வாங்கியது, காளஹஸ்தி போனபோது வாங்கியது, சித்தூர் மார்க்கெட்டில் வாங்கியது என்று வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தேன்.

கடைகளில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். காளஹஸ்தியில் ஒரு கடைக்காரர், “எவரிகம்மா?” என்று கேட்டார், யாருக்கு என்று.

“மா நான்னகி” என்றேன். எங்கள் நைனாவுக்கு என்று சொன்னதும் அவர் நல்ல கட்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். நைனா வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

தீக்குச்சியைக் காட்டினால் சுருட்டு பற்றிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். பற்றாது, வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். முதல் தடவை இருமிய இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர். நாலைந்து வாரம் போன பிறகு, நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, புகையை வாயிலேயே நிறுத்தி விட வேண்டும் என்பது பிடிபட்டது. அப்புறம் நாக்கு தானாகவே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தது. ஒன்று வேப்பம்பட்டைக் கசப்பு, ஒன்று புளித்துப்போயிருந்தது, இன்னொன்றில் வெல்லத் தண்ணீர் தெளித்த இனிப்பு. நான் காதருகே வைத்து உருட்டிப் பார்த்தேன். முதல் இழுப்பை ஊதிவிட்டேன். யாரும் சொல்லாமலே என் கை அவர் செய்ததைச் செய்தது. அப்போதெல்லாம் அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருக்கும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கும்.

ஆனால் தட்டில் வைத்ததும் எல்லாம் அணைந்தது. வெல்ல மண்டிக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய கடையிலிருந்தே ஒன்று வாங்கி வந்தேன். காதில் வைத்து உருட்டியபோது லேசாகத்தான் கேட்டது. நாக்கு சுடவில்லை, இழுத்து முடித்த பிறகும் வாயில் ஒரு வாசனை நின்றது. சாம்பல் சுண்ணாம்பு வெள்ளை, விரற்கடை நீளத்துக்கு நின்றது. இதுதான், நைனா இதைத்தான் எடுத்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தட்டில் வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் அணைந்தது. நாக்கு சொன்னதை விட்டுவிட்டுத் தட்டு சொன்னதைக் கேட்டேன். அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய ஒரு மட்டமான சுருட்டுதான் கடைசியில் அணையாமல் எரிந்தது. நாக்கு நுனியில் ஊசி குத்தின மாதிரி இருந்தது, சாம்பலும் கறுப்பு. ஆனாலும் தட்டில் வைத்ததை வைத்தபடி, ஊதுபத்தி மாதிரி அடி வரை எரிந்தது. மறு வாரமும் எரிந்தது. நான் மாடியிலேயே உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

வருஷப் படையலுக்கு அத்தை வந்திருந்தாள். நைனாவின் தங்கை, வெதுருகுப்பத்தில் இன்றைக்கும் கூலி வேலைக்குப் போகிறவள். அண்ணனைப் போலவே சுருட்டுக் குடிப்பாள். பதினாறாம் நாளின்போது கண் ஆப்பரேஷன் முடிந்திருந்ததால் புகைப் பக்கம் போகக் கூடாதென்று அவளை யாரும் அழைத்து வரவில்லை. இந்த முறை இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சுருட்டை நானே பற்ற வைத்தேன். தம்பி ஆச்சரியமாகப் பார்த்தான். விளக்குக்கு முன்னால் வைத்தேன். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அடி வரை வந்து சாம்பலானது.

“குடிச்சிட்டாருக்கா” என்றான் தம்பி. எனக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான்.

அத்தை குனிந்து அந்தக் கறுப்புச் சாம்பலை முகர்ந்து பார்த்தாள்.

“இத எவ வாங்கினா?”

“நான்தான் அத்தை.”

“இது வெடியுப்பு போட்டதுடி. அதான் தானா எரியுது. எங்க அண்ணன் இத வாய்ல வெப்பாரா?”

“பதினாறாம் நாளு அவரோட சுருட்டையே வெச்சோம் அத்தை. மூணு வாட்டி அணைஞ்சி போச்சி. கோவமா கீறாருன்னு…”

“இன்னாடி கோவம்?” என்றாள் அத்தை. “நல்ல சுருட்டு கீழ வெச்சா அணைஞ்சிதான் போவும். எங்க அண்ணன் வெச்ச சுருட்டு எது அணையாம இருந்திச்சி? நீ பாத்ததே இல்லியா? பக்கத்துல ஒரு ஆளு குந்தி இழுத்துக்கினே இருக்கணும்.”

ஜன்னல் கட்டை கண்ணில் வந்து நின்றது, தண்ணீர்த் தொட்டி விளிம்பும். நான் குப்பை வண்டியில் வீசினது அவருடைய நல்ல கட்டு. இத்தனை பேர் கும்பிட்டு நான் படைத்தது அவர் துப்பியிருக்கக்கூடிய சுருட்டு. சத்தம் போட்டு அழுதேன். தம்பி வந்து தோளைப் பிடித்தான்.

அத்தை மடியை அவிழ்த்துத் தன் சுருட்டில் ஒன்றை எடுத்தாள். பற்ற வைத்து, முதல் இழுப்பை ஊதிவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

“குந்து. இழு” என்றாள்.

இழுத்த உடனே தெரிந்துவிட்டது. மண்டிக்குப் பின்னாலிருக்கிற கடையின் சுருட்டு, நான் ஒதுக்கின அதே ருசி. விளக்குக்கு முன்னால் நைனாவின் போட்டோவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அணையப் போகும்போதெல்லாம் ஒரு இழுப்பு இழுத்தேன். சாம்பல் வெள்ளையாக நின்று, தானாகத் தட்டில் விழுந்தது. விரல் சுடுகிற அளவுக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.